வகுப்பறைக் கொண்டாட்டமா? கடைக்கு ஓட வேண்டாம்!

(தொடக்கப் பள்ளிக் குழந்தைகளின் பெற்றோருக்கான இணையவழி நிகழ்வில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இரவு எட்டரை மணி. வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி வருகிறது. 'நாளை மஞ்சள் நாள். குழந்தைகள் மஞ்சள் உடையில் வரவும். மஞ்சள் நிறப் பொருள் ஒன்று செய்து எடுத்து வரவும்.' கீழே வரிசையாகக் கட்டைவிரல் படங்கள். கட்டைவிரல் போட்ட கையோடு நீங்கள் பீரோவைத் திறந்து பார்க்கிறீர்கள், மஞ்சள் சட்டை இல்லை. வீட்டில் ஒருவர் வண்டியை எடுத்துக்கொண்டு ஸ்டேஷனரி கடைக்கு ஓடுகிறார், அங்கே ஷட்டர் பாதி இறங்கியாச்சு. சார்ட், கலர் பேப்பர், பசை, ஒரு தெர்மாகோல் அட்டை என்று வாங்கி வருவதற்குள் குழந்தை தூங்கிவிடுகிறது. பதினோரு மணிக்கு அம்மா உட்கார்ந்து சூரியகாந்திப் பூ வெட்டிக்கொண்டிருக்கிறார். மறுநாள் அந்தப் பூவைக் கையில் பிடித்தபடி குழந்தை ஒரு போட்டோ எடுத்துக்கொள்கிறது. அவ்வளவுதான், மஞ்சள் நாள் முடிந்தது.

இதில் குழந்தை செய்தது என்ன?

பள்ளியில் கொண்டாட்டமே வேண்டாம் என்று சொல்ல நான் வரவில்லை. ஆறு, ஏழு வயதுப் பிள்ளைகளுக்கு நாட்காட்டியில் நாலு நாள் மனதில் நிற்பதே இந்தக் கொண்டாட்டங்களால்தான். 2022-ல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பாட்டும் கதையும் கைவேலையும் பாடத்தோடு சேர்ந்தே வருகின்றன. ஆக, வகுப்பில் செய்து பார்ப்பது ஆடம்பரம் இல்லை, அதுவும் படிப்புதான். என் கேள்வி வேறு. பள்ளியில் நடக்கும் கொண்டாட்டத்தின் செலவும் வேலையும் ஏன் வீட்டுக்கு வருகிறது?

நூறு, இருநூறு ரூபாய் பெரிய விஷயமா என்று சிலருக்குத் தோன்றலாம். தினக்கூலிக்குப் போகிறவர் வீட்டில், அதுவும் இரண்டு பிள்ளைகள் ஒரே பள்ளியில் படித்தால், அது பெரிய விஷயம்தான். மாறுவேட நாள் என்றால் உடை வாடகை, முன்பணம், எடுத்துவர ஒரு பயணம், திருப்பிக் கொடுக்க ஒரு பயணம். முடியாத வீட்டில் என்ன நடக்கும் தெரியுமா? 'எனக்குப் பணம் இல்லை' என்று யாரும் குழுவில் எழுத மாட்டார்கள். 'பாப்பாவுக்குக் காய்ச்சல், நாளைக்கு லீவு' என்று எழுதுவார்கள். அல்லது குழந்தை சீருடையிலேயே வந்து, குழு போட்டோ எடுக்கும்போது ஓரமாக நிற்கும். எல்லோரும் மஞ்சளில் நிற்கும் படத்தில் அந்த ஒரு நீலப் பாவாடையை நாம் கவனிப்பதில்லை. ஆனால் அந்தக் குழந்தை கவனிக்கும். சீருடை என்ற ஒன்றை ஏன் கொண்டுவந்தோம் என்று யோசித்தால், மஞ்சள் நாள் அதற்கு நேர் எதிரான வேலையைச் செய்வது புரியும்.

அதனால் ஒரு கொண்டாட்ட நாளைத் திட்டமிடும்போது ஆசிரியரும் பெற்றோரும் முதலில் பார்க்க வேண்டியது, கடைக்குப் போகாமல் இதைச் செய்ய முடியுமா என்பதைத்தான். முடியாது என்றால் தலைப்பை மாற்றுங்கள். 'என்ன அலங்காரம்?' என்ற கேள்வி பிறகு வரட்டும். 'சாயங்காலம் வீட்டுக்குப் போகும்போது குழந்தைக்குப் புதிதாக என்ன தெரிந்திருக்கும்?' என்று முன்னால் கேளுங்கள்.

சும்மா பொதுவாகச் சொல்லிக்கொண்டு போனால் தலைக்கு மேல் போய்விடும். ஒரு நாளை எடுத்துக்கொண்டு முழுசாகப் பார்க்கலாம். என் தேர்வு, பனை நாள்.

பனை நமது மாநில மரம். மாவட்ட ஆட்சியரின் அனுமதி இல்லாமல் அதை வெட்டக்கூடாது என்று 2021-22 வேளாண் நிதிநிலை அறிக்கையில் அறிவிக்கப்பட்டது. காலாண்டு விடுமுறை முடிந்து பள்ளி திறக்கும் அக்டோபர் முதல் வாரங்கள் இதற்குப் பொருத்தமான நேரம். பனம்பழம் விழுந்து முடிகிற காலம், வடகிழக்குப் பருவமழைக்கு முந்தைய காலம், கொட்டை விதைக்க வசதி. இரண்டு வாரம் முன்பே பிள்ளைகளிடம் ஒரே ஒரு வேலை கொடுங்கள்: 'உங்கள் தெருவில், வரும் வழியில் எத்தனை பனை இருக்கிறது? எண்ணி வாருங்கள்.' ஒன்றாம் வகுப்புக் குழந்தை விரல் விட்டு எண்ணும். நாலாம் வகுப்புக் குழந்தை தெருவாரியாக எழுதி, கரும்பலகையில் ஒரு படவரைபடமாகப் போடும். கணக்குப் பாடத்தில் ஒரு பகுதி அங்கேயே முடிந்தது.

அன்றைய நாளுக்கு வேண்டியது சில ஓலைகள். மட்டையின் இரண்டு ஓரமும் ரம்பம் மாதிரி இருக்கும், கருக்கு என்பார்கள். கை கிழிந்துவிடும். அதனால் மட்டையை வெளியிலேயே வெட்டிவிட்டு, ஓலையை மட்டும் ஈர்க்கு நீக்கி, பட்டையாகக் கிழித்து வகுப்புக்குள் கொண்டுவர வேண்டும். இது பெரியவர்கள் வேலை. குருத்தோலை கிடைத்தால் மிருதுவாக இருக்கும், ஆனால் அதற்காக ஒரு மரத்தின் குருத்தை வெட்டச் சொல்ல வேண்டாம். மரம் ஏறுபவர் கழித்துப் போடும் ஓலையே போதும், கொஞ்சம் தண்ணீரில் நனைத்து வைத்தால் மடங்கும்.

ஒன்றாம், இரண்டாம் வகுப்புக்குப் பாய் முடைவது. பெரிய பாய் இல்லை, உள்ளங்கை அளவு. ஒரு பட்டை மேலே, ஒரு பட்டை கீழே. அடுத்த வரிசையில் மாற்றிப் போட வேண்டும். மாற்றாமல் போட்டால் பின்னல் நிற்காது, கையோடு வந்துவிடும். குழந்தை தானே கண்டுபிடிக்கும். ஒற்றை, இரட்டை எண்களுக்கு இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியவில்லை. மூன்றாம் வகுப்புக்கு ஓலைக் காற்றாடி. யாருடையது வேகமாகச் சுற்றுகிறது, ஏன் என்று கேட்டால் அறிவியல் தானாக வந்து உட்காரும்.

நாலு, ஐந்தாம் வகுப்புக்கு நான் வைத்திருப்பது எனக்கு மிகவும் பிடித்த வேலை. நன்றாகக் காய்ந்த ஓலைத் துண்டில் மொட்டையான ஆணியால் தன் பெயரை எழுதச் சொல்லுங்கள். எழுதிய பிறகு கரித்தூளும் ஒரு சொட்டு எண்ணெயும் குழைத்துத் தேய்த்துத் துடைத்தால் எழுத்து கறுப்பாகத் தெரியும். நம் முன்னோர் சுவடி எழுதிய முறையின் எளிய வடிவம் இது. எழுதும்போது ஒரு வேடிக்கை நடக்கும். பெயரில் 'ன்', 'ல்', 'ர்' வரும் பிள்ளைகள் மேலே புள்ளி வைக்க ஆணியை அழுத்துவார்கள். ஓலையில் பொத்தல் விழும்! 'மிஸ், கிழிஞ்சிருச்சு' என்று குரல் வரும். அப்போது சொல்லலாம், பழைய ஓலைச்சுவடிகளில் பெரும்பாலும் புள்ளி இருக்காது என்று. புள்ளி இல்லாத எழுத்தை எப்படிப் படித்திருப்பார்கள் என்று ஒரு சொல்லை எழுதிக் கேட்டுப் பாருங்கள், வகுப்பே மண்டையைச் சொறியும். அப்படிப்பட்ட சுவடிகளை ஊர் ஊராகத் தேடிப் படித்து அச்சில் ஏற்றிய உ.வே.சாமிநாதையரைப் பற்றி அந்த நேரத்தில் சொன்னால், அது தேர்வுக்காக மனப்பாடம் செய்யும் பெயராக இருக்காது.

இன்னொன்றும் இருக்கிறது. பல ஊர்களில் பனை ஏறும் குடும்பம், ஓலைப்பெட்டி முடையும் குடும்பம் இருக்கும். அந்த வீட்டுப் பிள்ளை வகுப்பில் வேறு நாட்களில் பேசாமல் உட்கார்ந்திருக்கலாம். பனை நாளில் அந்தப் பிள்ளையின் தாத்தாவோ ஆயாவோ வகுப்புக்கு வந்து முடையச் சொல்லித் தரட்டும். டீச்சரும் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து கற்றுக்கொள்ளட்டும். வாடகை உடையில் கொண்டுவர முடியாத ஒரு மரியாதை இது.

கடைசியில் ஊர் ஏரிக்கரையில், ஊராட்சியிடம் கேட்டு, கொட்டைகளை ஊன்றிவிட்டு வரலாம். பனை காய்க்கப் பத்து வருடத்துக்கு மேல் ஆகும் என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள். சில கொட்டைகளைப் பள்ளி வளாகத்திலேயே மண்ணில் போட்டு வைத்தால் பொங்கல் சமயத்தில் கிழங்கு. அவித்து எல்லோருக்கும் ஆளுக்கொரு துண்டு.

இந்த நாள் முழுவதற்கும் கடையில் வாங்க வேண்டியது ஆணி மட்டும்தான், அதுவும் ஊரில் யார் வீட்டிலாவது கிடக்கும். இரண்டு ஆசிரியர்கள் ஐந்து வகுப்பையும் பார்க்கும் பள்ளிகள் நம்மிடம் நிறைய. அங்கேயும் இது நடக்கும், ஒரே பொருள், வகுப்புக்கு ஒரு வேலை.

சென்னையில், கோவையில் பனைக்கு எங்கே போவது என்று கேட்பீர்கள். சரிதான். அங்கே சந்தை நாள் வையுங்கள். பிள்ளைகளே தாளில் ரூபாய் நோட்டு வரைந்து வெட்டட்டும். புளியங்கொட்டை, காலி தீப்பெட்டி, பழைய காலண்டர், கொட்டாங்குச்சி என்று கிடைப்பதையெல்லாம் வைத்துக் கடை போடட்டும். விலைப்பலகை எழுதுவது தமிழ், மீதிச் சில்லறை கொடுப்பது கணக்கு. பேரம் பேசுவது, அதற்கு நாம் பாடமே எடுக்க வேண்டாம், வீட்டில் பார்த்தே வந்திருப்பார்கள்.

சரி, வருடத்துக்கு எத்தனை நாள்? நாட்காட்டியைத் திறந்தால் தினம் ஒரு தினம் இருக்கிறது. எல்லாவற்றையும் கொண்டாட ஆரம்பித்தால் எதுவும் மனதில் நிற்காது. மாதத்துக்கு ஒன்று போதும், என்னைக் கேட்டால் ஆறு கூடப் போதும். ஜூலை 15 காமராசர் பிறந்தநாள், கல்வி வளர்ச்சி நாள், பள்ளிகளில் கட்டாயம் உண்டு. அன்றைக்குத் தலைவர் வேடத்துக்குப் பதிலாக, மதிய உணவு சமைக்கும் அக்காவிடம் பிள்ளைகள் பேட்டி எடுக்கட்டும்: எத்தனை பேருக்கு எத்தனை கிலோ அரிசி, எத்தனை மணிக்கு அடுப்பு பற்ற வைப்பீர்கள்? பள்ளியில் சாப்பாட்டை விரிவாகக் கொண்டுவந்த முதலமைச்சரை நினைக்க இதைவிட நேரடி வழி இல்லை.

ஆகஸ்ட் 15-க்கு ஒரு எச்சரிக்கை. பிளாஸ்டிக் கொடி வாங்காதீர்கள். 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை செய்யப்பட்ட ஒருமுறை பயன்பாட்டுப் பிளாஸ்டிக் பொருள்களில் அதுவும் ஒன்று. தெர்மாகோல் தட்டும் பிளாஸ்டிக் உறிஞ்சுகுழலும் அதே பட்டியலில் உண்டு, கைவேலை என்ற பெயரில் அவை திரும்பவும் வகுப்புக்குள் வருவதைப் பார்க்கிறோம். காகிதக் கொடி செய்தால், நிகழ்ச்சி முடிந்ததும் தரையில் போடக்கூடாது என்று கொடிச் சட்டமே சொல்கிறது. எல்லாவற்றையும் திரும்ப வாங்கி வைப்பதும் அன்றைய பாடத்தில் சேரட்டும்.

அக்டோபர் 7 வரையாடு நாள். நமது மாநில விலங்கு. மலைக்கு அந்தப் பக்கம் போகாத பிள்ளைகளுக்குக் களிமண்ணில் ஒரு வரையாடு செய்யக் கொடுக்கலாம், கொம்பு பின்பக்கம் வளைந்திருக்க வேண்டும், அதுதான் கண்டிஷன். டிசம்பர் 22 ராமானுஜன் பிறந்தநாள், ஈரோட்டில் பிறந்தவர், கோலப் புள்ளிகளே போதும்.

பிப்ரவரி 28 தேசிய அறிவியல் நாள். 1928-ல் இராமன் விளைவு கண்டறியப்பட்டதை நினைவுகூரும் நாள். இதற்கு ஒரு கைவேலை சொல்கிறேன், வீட்டிலும் செய்யலாம். மஞ்சள்தூளைத் தண்ணீரில் கெட்டியாகக் கரைத்து வெள்ளைத் தாளில் பூசிக் காய வையுங்கள். துணி சோப்பை நீரில் கரைத்து, பஞ்சு சுற்றிய குச்சியால் அந்தத் தாளில் வரையுங்கள். கோடு சிவப்பாக விழும். அதன் மேல் எலுமிச்சைச் சாறு தடவினால் மறுபடி மஞ்சள். வாழ்த்து அட்டை தயார், சோதனையும் முடிந்தது. சோப்புக்குப் பதில் சுண்ணாம்புத் தண்ணீரில் இன்னும் நன்றாக வரும், ஆனால் சின்னப் பிள்ளைகள் கண்ணில் பட்டால் ஆபத்து, வேண்டாம். (நம் மஞ்சள் நாளையும் இப்படியே நடத்தியிருக்கலாம், இல்லையா?)

இப்படிப் பழைய பொருள்களை வைத்து அறிவியல் பொம்மை செய்வதையே வாழ்நாள் வேலையாகச் செய்துவருபவர் அரவிந்த் குப்தா. 2018-ல் பத்மஸ்ரீ பெற்றார். தீக்குச்சி, சைக்கிள் வால்வு டியூப் இரண்டையும் வைத்தே வடிவியல் சொல்லித் தருவார். யூடியூபில் தேடினால் கிடைக்கும். உங்கள் கையில் போன் இருக்கிறதே, அதை இதற்கும் கொஞ்சம் பயன்படுத்துங்கள்.

பாதுகாப்பு பற்றி நாலு வார்த்தை. விதை ஒட்டுவது நல்ல கைவேலைதான், ஆனால் குன்றிமணியும் ஆமணக்கு விதையும் விஷம். பார்க்க அழகாக இருக்கிறது என்று கொடுத்துவிடாதீர்கள். அரளிப் பூவும் அப்படித்தான். ஒன்றாம் வகுப்பில் எந்த விதையும் மூக்குக்கோ காதுக்கோ போகும், அதனால் பெரிய கொட்டையாகவே கொடுங்கள், பக்கத்தில் ஆள் இருக்கட்டும். பசைக்கு மைதாவைத் தண்ணீரில் காய்ச்சினால் போதும், அன்றைக்கே தீர்த்துவிட வேண்டும். பூச்சி வராமல் இருக்கப் பசையில் மயில்துத்தம் சேர்க்கும் பழக்கம் உண்டு, பிள்ளைகள் கை வைக்கும் பசையில் அது கூடவே கூடாது. கத்தரிக்கோல் எல்லோருக்கும் இல்லை என்றால் கவலை வேண்டாம். சின்னப் பிள்ளைகளுக்குத் தாளைக் கையால் கிழித்து ஒட்டுவதுதான் விரலுக்கு நல்ல பயிற்சி. சத்தமும் கூட்டமும் தாங்காத குழந்தை வகுப்பில் இருந்தால், மைக் செட் வைப்பதற்கு முன் அந்தக் குழந்தையின் பெற்றோரிடம் ஒரு வார்த்தை பேசிவிடுங்கள்.

செய்த பொருள் கோணலாக இருக்கும். இருக்கட்டும். நாம் கை வைத்துத் திருத்திக் கொடுத்தால் அது நம்முடைய பொருள் ஆகிவிடும். கண்காட்சியில் முதல் பரிசு, இரண்டாம் பரிசு என்று வைத்தால் அப்பா அம்மாக்களின் போட்டியாக மாறிவிடுகிறது. தொடக்க வகுப்புகளுக்குப் பரிசே வேண்டாம் என்பது என் கருத்து. மறுப்பவர்கள் இருக்கலாம்.

அடுத்தது, போன். பல கொண்டாட்ட நாட்கள் இன்று கேமராவுக்காகத்தான் திட்டமிடப்படுகின்றன. மஞ்சள் உடை படத்தில் பளிச்சென்று தெரியும், பாய் முடையக் குனிந்திருக்கும் பிள்ளையின் முகம் படத்தில் தெரியாது. படம் எடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. குழந்தைகளின் கையையும் அவர்கள் செய்ததையும் எடுங்கள். மற்றவர் வீட்டுக் குழந்தையின் முகம், பள்ளிப் பெயர் பலகையோடு, உங்கள் ஸ்டேட்டஸில் போவதற்கு முன் அந்த வீட்டில் கேட்டீர்களா? கேட்பதுதான் முறை.

இதையெல்லாம் எங்கே போய்ச் சொல்வது என்பதுதான் உங்கள் கேள்வியாக இருக்கும். அரசு, அரசு உதவி பெறும் பள்ளி என்றால் பள்ளி மேலாண்மைக் குழு இருக்கிறது. 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 21-வது பிரிவின்படி அமைவது. உறுப்பினர்களில் நான்கில் மூன்று பங்குக்குக் குறையாமல் பெற்றோர் அல்லது பாதுகாவலர், மொத்தத்தில் பாதிப் பேர் பெண்கள். கட்டடம், கழிப்பறை, குடிநீர் பற்றிப் பேசும் அதே கூட்டத்தில் இதையும் பேசலாம். ஜூன் மாதமே அந்த வருடத்துக் கொண்டாட்ட நாட்களைத் தேதியோடு முடிவு செய்து, வீட்டிலிருந்து எதுவும் வாங்கி வரத் தேவையில்லை என்று ஒரு வரியும் தீர்மானத்தில் சேர்த்துவிட்டால், இரவு எட்டரை மணிச் செய்திக்கு வேலை இல்லை. தனியார் பள்ளியில் படிக்கும் பிள்ளை என்றால் வகுப்பாசிரியரிடம் நேரில் பேசுங்கள். குழுவில் எழுதினால் அது சண்டையாகிவிடும், நேரில் சொன்னால் பெரும்பாலும் 'நாங்களும் அதைத்தான் நினைச்சோம் சார்' என்பார்கள். அவர்களுக்கும் மேலிருந்து வரும் பட்டியல் ஒன்று இருக்கும். சிக்கல் தீரவில்லை, கட்டாயப்படுத்துகிறார்கள் என்றால் பள்ளிக்கல்வித் துறையின் கட்டணமில்லா உதவி எண் 14417 இருக்கிறது. ஆனால் அது கடைசிப் படி. டீச்சரிடம் பேசாமலேயே அந்த எண்ணை அழுத்த வேண்டாம்.

சாட் பெட்டியில் ஏற்கெனவே நிறைய பேர் எழுதியிருக்கிறீர்கள். ஓலை எங்கே கிடைக்கும் என்று மூன்று பேர் கேட்டிருக்கிறார்கள், அதிலிருந்தே கேள்வி நேரத்தைத் தொடங்குவோம்.